‘ஸ்மால்வில்’ நூறாவது எபிசோட்: அன்று லானாவுக்காக, இன்று ஜோனத்தனுக்காக

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். சூப்பர்மேனின் இளமைக் கதையான ‘ஸ்மால்வில்’ தொடரின் நூறாவது எபிசோடான ‘ரெக்கனிங்’கைப் பள்ளி நாட்களில் பார்த்தபோது, நாயகன் கிளார்க்கின் காதலி லானா இறக்கும் இடத்தில் அழுதீர்கள். இப்போது மறுபடி பார்த்தால் அந்தக் காட்சி மிகையாகப் படுகிறது. அன்று கண்ணில் படாத, கிளார்க்கின் வளர்ப்பு அப்பா ஜோனத்தன் கென்ட் திரையில் வரும்போதெல்லாம் தொண்டை அடைக்கிறது. இது நல்ல எழுத்தா, பழைய பாசம் கண்ணை மறைக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். பதினான்கு வயது மகளுக்கு இந்த ஒரு எபிசோடை மட்டும் தனியாகப் போட்டுக் காட்டலாமா என்பது கூடுதல் கேள்வி. இவற்றுக்கு அடியில் வேறொன்றும் இருப்பதாகப் படுகிறது. அன்று அழுதது ஏமாந்து அழுததா என்பதே உங்களை உறுத்துகிறது. இல்லை என்பது என் பதில். அதற்குக் காரணம் எபிசோடின் கட்டமைப்பிலேயே இருக்கிறது; உங்கள் வயதுக்கு அதில் பாதிப் பங்குதான்.

தொலைக்காட்சித் தொடர்களுக்குத் திரைக்கதை எழுதியும் பிறர் எழுதியதைத் திருத்தியும் பல ஆண்டுகள் ஓட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன். எழுத்தாளர்கள் மனதில் என்ன நினைத்தார்கள் என்பதைத் திரையை வைத்து நிரூபிக்க முடியாது. திரையில் என்ன இருக்கிறது, அது பார்ப்பவரிடம் எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்ல முடியும். எது திரையில் உள்ளது, எது என் ஊகம் என்பதை ஆங்காங்கே பிரித்துக் காட்டுகிறேன்.

தொடரைப் பார்க்காதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆல்ஃபிரட் காஃப், மைல்ஸ் மில்லர் இருவரும் உருவாக்கிய ‘ஸ்மால்வில்’ 2001 அக்டோபர் 16 அன்று அமெரிக்காவின் ‘தி டபிள்யூபி’ வலைவரிசையில் தொடங்கியது. சூப்பர்மேன் ஆவதற்கு முந்தைய கிளார்க் கென்ட்டின் இளமைக் காலம்தான் கதை. அவன் பறக்கக் கூடாது, அந்த உடையை அணியக் கூடாது என்று தயாரிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே விதி போட்டுக்கொண்டார்கள். 2006 ஜனவரி 26 அன்று ஒளிபரப்பான ‘ரெக்கனிங்’, ஐந்தாம் சீசனின் நடுவில் வருகிறது. அதில் கிளார்க் தன் ரகசியத்தை லானாவிடம் முதன்முறையாகச் சொல்லிவிடுகிறான். பனிப் பிரதேசத்தில் உள்ள தன் வேற்றுக்கிரகப் பனிக்கோட்டைக்கு அவளை அழைத்துப்போய், நிலக்கரித் துண்டைக் கையால் நசுக்கி வைரமாக்கி, திருமணம் செய்துகொள்ளக் கேட்கிறான். அவளும் சம்மதிக்கிறாள். அதே நாளில் ஜோனத்தன் மாநில செனட் தேர்தலில், பின்னாளில் சூப்பர்மேனின் எதிரியாகப்போகும் பணக்கார இளைஞன் லெக்ஸ் லூதரைத் தோற்கடிக்கிறார். அன்றிரவே லெக்ஸிடமிருந்து தப்பிக் காரில் விரைந்துபோகும் லானா, பேருந்து மோதி இறக்கிறாள். கிளார்க் தன் வேற்றுக்கிரகத் தந்தை ஜோர்-எல்லின் குரலிடம் மன்றாடுகிறான். காலத்தைத் திருப்பும் படிகம் கிடைக்கிறது. அதற்கு விலை உண்டு என்ற எச்சரிக்கையும் சேர்ந்தே வருகிறது. நாள் மறுபடி விடிகிறது. இம்முறை அவன் லானாவிடம் எதையும் சொல்லவில்லை. லானா பிழைக்கிறாள், உறவு முறிகிறது, இரவில் ஜோனத்தன் மாரடைப்பால் சாகிறார்.

நீங்கள் மறுபடி பார்த்த எபிசோடே ‘மறுபடி பார்ப்பது’ பற்றியதுதான். கிளார்க் அந்த நாளை இரண்டாம் முறை வாழ்கிறான். அவனைச் சுற்றியுள்ள ஒருவருக்கும் முதல் முறை தெரியாது. அவனுக்குத் தெரியும், நமக்குத் தெரியும். முதன்முறை பார்ப்பவர், எபிசோடின் முன்பாதியில் லானாவோடும் கிளார்க்கோடும் சேர்ந்து எதுவும் தெரியாதவராக இருக்கிறார். பின்பாதியில் கிளார்க்கோடு சேர்ந்து பதற்றத்தில் இருக்கிறார். அந்தப் பதற்றம் முழுவதும் லானாவையே சுற்றி வருகிறது. கிளார்க் அவளைக் காப்பதிலேயே குறியாக இருக்கிறான், கேமராவும் அவனோடு போகிறது. ஜோனத்தனைப் பார்க்க நமக்கு அவகாசமே தரப்படவில்லை. இது தற்செயல் என்று நான் நம்பவில்லை. ஒருவரைக் காப்பாற்றும் அவசரத்தில் இன்னொருவரைக் கவனிக்காமல் விடும் தவறை, கிளார்க்கோடு சேர்த்து நம்மையும் செய்ய வைக்கிறார்கள். பள்ளி வயதில் நீங்கள் ஜோனத்தனைக் கவனிக்காதது உங்கள் குறை அல்ல. எபிசோட் உங்களிடம் அதைத்தான் கேட்டது.

இரண்டாம் முறை பார்க்கும்போது நிலைமை தலைகீழ். லானா பிழைத்துவிடுவாள் என்று உங்களுக்குத் தெரியும், ஆகவே அவள் சாவில் பதற எதுவும் மிச்சமில்லை. பதற்றம் போன இடத்தில் பின்னணி இசையும் மழைபோல் கொட்டும் கண்ணீரும் மட்டும் தெரிகின்றன, மிகையாகப் படுகிறது. மாறாக, ஜோனத்தன் முன்பாதியில் சும்மா சிரித்தாலும் அதற்குக் கனம் கூடிவிடுகிறது. முதல் முறை வெறும் இட்டுநிரப்பலாகத் தோன்றிய காட்சிகள் அவை. மகன் தன் ரகசியத்தைச் சொல்லலாமா என்று தயங்கும்போது அப்பா பேசும் இடம், தேர்தல் முடிவு வந்ததும் மனைவியைத் திரும்பிப் பார்க்கும் இடம் எல்லாம் இப்போது கடைசி முறையாக நடப்பவை. மரணத்தை முன்கூட்டியே அறிந்துகொண்டு பார்ப்பவருக்காகவும் எழுதப்பட்ட எபிசோடுகள் மிகக் குறைவு. பெரும்பாலானவை திருப்பம் தெரிந்தவுடன் காற்றுப்போய்விடும்.

வயதுக்கும் பங்கு உண்டு என்றேன். அதை அளந்து சொல்ல என்னிடம் கருவி இல்லை. பதினைந்து வயதில் காதலிக்கப்படுவது எப்படி என்பதும், நாற்பதை நெருங்கும்போது பெற்றோர் இல்லாமல் போவது எப்படி என்பதும் அவரவர் மனதைப் பிடித்திருக்கும் கேள்விகள். இவ்வளவுதான் சொல்ல முடியும். இதற்கு மேல் போனால் உளவியல் பேசுவதாகிவிடும், அது என் துறை அல்ல.

மரணம் எப்படித் தயாரிக்கப்பட்டது என்பதற்கு வருகிறேன். எழுதுபவர்கள் படிக்க வேண்டிய பகுதி இதுதான். ஐந்தாம் சீசனின் மூன்றாவது எபிசோடான ‘ஹிடன்’னில் கிளார்க் சுடப்பட்டு இறக்கிறான், உயிர்ப்பிக்கப்படுகிறான். அதற்கு ஈடாக அவனுக்கு நெருக்கமான ஓர் உயிர் போகும் என்ற எச்சரிக்கை அங்கேயே வந்துவிட்டது. அதற்கும் முன்பு, 2003இல் மூன்றாம் சீசன் தொடங்கும்போது, வீட்டைவிட்டு ஓடிப்போன மகனைத் திரும்பக் கொண்டுவர ஜோனத்தன் ஜோர்-எல்லோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொள்கிறார். சிறிது நேரம் மகனுக்கு நிகரான வலிமை அவர் உடலில் ஏற்றப்படுகிறது. மனித இதயம் அதைத் தாங்கவில்லை. அதே சீசனில் அவருக்கு மாரடைப்பு வருகிறது. ஆக, ‘ரெக்கனிங்’கில் விழுந்த மனிதரின் இதயம் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகவே பழுதுபட்டிருந்தது. அது பழுதுபட்டதும் மகனுக்காகத்தான்.

இதனால் அந்த மரணத்துக்கு ஒரே நேரத்தில் மூன்று காரணங்கள் நிற்கின்றன. ஒன்று, ஜோர்-எல் கேட்ட விலை. இன்னொன்று, பலவீனமான இதயம். மூன்றாவது, அன்றிரவு லெக்ஸின் தந்தை லயனல் லூதரிடம் அவர் கொண்ட கோபம். பண்ணைக் களஞ்சியத்தில் காத்திருக்கும் லயனல், கிளார்க்கின் ரகசியம் தனக்குத் தெரியும் என்பதுபோல் பேசுகிறார். ஜோனத்தன் அவரை அடித்துத் துவைக்கிறார். பிறகு நெஞ்சைப் பிடித்தபடி வெளியே வருகிறார், மனைவியையும் மகனையும் பார்க்கிறார், அவர்களை நோக்கி நடக்கிறார், மண்டியிட்டுச் சரிகிறார். விடைபெறும் வசனம் எதுவும் கிடையாது. சாகும் பாத்திரத்துக்கு ஒரு நீண்ட பேச்சு எழுதிக் கொடுக்காமல் இருப்பது எழுதுபவனுக்கு எவ்வளவு கடினம் என்பது தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். நடிகர் கேட்பார், தயாரிப்பாளர் கேட்பார், எழுதுபவனுக்கே கை துறுதுறுக்கும். இங்கே ஜோனத்தனாக நடித்த ஜான் ஷ்னைடரின் முகத்தை நம்பி விட்டுவிட்டார்கள். அந்தச் சில விநாடிகளில் அவர் முகத்தில் வலிக்கு முன்பு நிம்மதி வந்து போகிறது. அடுத்த முறை பார்க்கும்போது கிளார்க்கைப் பார்க்காமல் அவரை மட்டும் பாருங்கள்.

மூன்றில் எது உண்மையான காரணம் என்று தொடர் தீர்ப்புச் சொல்லவில்லை. மாய விலை என்ற ஒன்றே இல்லாவிட்டாலும் அந்த மனிதர் அன்றிரவு அப்படியே இறந்திருக்கக்கூடும் என்பதுதான் இதன் பலம் என்று நினைக்கிறேன். இது என் வாசிப்பு. ஜோர்-எல்தான் கொன்றார் என்று வாதிடுபவர்களுக்கும் ஆதாரம் இருக்கிறது. ஆனால் கிளார்க்குக்கு இந்த வேறுபாடு எந்த ஆறுதலையும் தராது. நாளைத் திருப்பியவன் அவன்.

இந்தக் கதைக்கு ஒரு மூதாதை உண்டு. 1978இல் வந்த ‘சூப்பர்மேன்’ திரைப்படத்திலும் ஜோனத்தன் கென்ட் மாரடைப்பில்தான் இறக்கிறார். அத்தனை சக்தி இருந்தும் அவரைக் காப்பாற்ற முடியவில்லையே என்று இளம் கிளார்க் கல்லறையில் குமுறுகிறான். படத்தின் இறுதியில் சூப்பர்மேனின் காதலி லோயிஸ் லேன் இறக்க, சூப்பர்மேன் பூமியைச் சுற்றிப் பறந்து காலத்தையே பின்னுக்குத் தள்ளி அவளை மீட்கிறான். அங்கே அதற்கு அவன் எந்த விலையும் கொடுக்கவில்லை. ‘ரெக்கனிங்’ அந்த இரண்டு சம்பவங்களையும் எடுத்து ஒன்றின் வயிற்றில் மற்றொன்றை வைத்துத் தைத்துவிட்டது. காதலிக்காகக் காலத்தைத் திருப்பினால் தந்தை போவார். படத்தில் இரண்டு மணி நேரத்துக்கும் மேலான கதையின் இரு முனைகளில் இருந்தவை, இங்கே காரணமும் விளைவுமாக ஆகிவிடுகின்றன. வெகுநாள் ரசிகர்கள் படத்தைப் பார்த்து முணுமுணுத்த குறை ஒன்று உண்டு: இவ்வளவு எளிதாகக் காலத்தைத் திருப்ப முடியுமானால் ஏன் எப்போதும் திருப்பவில்லை? இந்த எபிசோட் அதற்குப் பதில் வைத்திருக்கிறது. எழுதியவர்கள் அந்தப் படத்தை மனதில் வைத்துத்தான் செய்தார்களா என்று கேட்டால், தொடர் முழுவதும் அந்தப் படவரிசையின் நடிகர்களைத் தேடித் தேடி அழைத்து வந்ததைச் சுட்டிக்காட்டுவேன். அந்தப் படங்களில் சூப்பர்மேனாக நடித்த கிறிஸ்டோபர் ரீவ் இரண்டாம் சீசனில் வந்தார். ஜோர்-எல்லின் குரல், அந்தப் படங்களில் வில்லன் ஜெனரல் ஸாட் ஆக நடித்த டெரன்ஸ் ஸ்டாம்பின் குரல். ஜோனத்தனின் மனைவி மார்த்தா கென்ட்டாக நடிக்கும் அனெட் ஓ’டூல், 1983இல் வந்த மூன்றாவது படத்தில் லானா லேங்காக நடித்தவர். பழைய லானா ஒருவர் புதிய லானாவுக்காகத் தன் கணவரை இழக்கிறார் என்று எண்ணிப் பார்த்தால் கொஞ்சம் தலை சுற்றும். அதற்குக் கதையில் எந்த முக்கியத்துவமும் இல்லை, எனக்குப் பிடித்த ஒரு வேடிக்கை, அவ்வளவுதான்.

புகழ்ந்தது போதும், குறைகளுக்கு வருகிறேன். உங்களுக்கு மிகையாகத் தெரிந்தது பெருமளவு உண்மையிலேயே மிகைதான். நான்கு ஆண்டுகளுக்கும் மேலாகத் தள்ளிப்போட்ட ரகசியத்தைச் சொல்வது, கோட்டையைக் காட்டுவது, வைரம், திருமணச் சம்மதம், தேர்தல் வெற்றி, துரத்தல், சாவு எல்லாவற்றையும் ஏறத்தாழ இருபது நிமிடங்களுக்குள் திணித்திருக்கிறார்கள். முழு எபிசோடுமே விளம்பரம் போக நாற்பது நிமிடத்தைச் சற்றுத் தாண்டியதுதான். கதாநாயகன் கேட்டதெல்லாம் பாதி நேரத்துக்குள் கிடைத்துவிட்டால் அவை நிலைக்காது என்பது அனுபவமுள்ள பார்வையாளருக்கு மூக்கில் வியர்த்துவிடும். அதோடு, அமெரிக்க வலைவரிசைத் தொடர்கள் விளம்பர இடைவேளைக்கு முன்பு ஓர் உச்சத்தில் நின்றாக வேண்டும். இசை ஏறும், முகம் நெருக்கத்தில் வரும், திரை இருளும். அன்று அந்த இருட்டுக்குப் பின் சில நிமிட விளம்பரம் வந்து மூச்சுவிட நேரம் தந்தது. இன்று விளம்பரமின்றிப் பார்க்கிறீர்கள். இருள்கிறது, உடனே வெளிச்சம் வந்துவிடுகிறது. ஒவ்வொரு உச்சமும் அடுத்த உச்சத்தின் காலை மிதிக்கிறது. நாடகத்தனம் என்று நீங்கள் உணர்வதில் ஒரு பங்கு இந்தத் தாளக்கோளாறுதான்.

அதைவிட ஆழமான குறை லானாவைப் பற்றியது. முதல் நாளில் அவளுக்கு உண்மை சொல்லப்படுகிறது. அவள் யோசித்து, அவளாகவே சம்மதம் சொல்கிறாள். இரண்டாம் நாளில் அந்தச் சம்மதம் நடக்கவே இல்லை என்றாகிறது. அவள் சொன்ன பதிலைத் தெரிந்து வைத்திருக்கும் ஒரே ஆள் கிளார்க். தெரிந்துகொண்டே மறைக்கிறான். அவன் பயம் புரிகிறது. சொன்னதால்தான் அவள் செத்தாள் என்று கணக்குப் போடுகிறான். ஆனால் அந்தக் கணக்கு சரிதானா என்று அவனும் ஆராயவில்லை, எபிசோடும் ஆராயவில்லை. அன்றிரவு அவள் காரில் போகாமல் இருக்கச் செய்தாலே போதாதா? ரகசியத்தைச் சொல்லியும் அவளைக் காப்பாற்றியிருக்க முடியாதா? ஒரு வசனம், ஒரு முயற்சி தோற்பதாக ஒரு காட்சி வைத்திருந்தால் இந்த ஓட்டை அடைபட்டிருக்கும். எழுத்தாளர் அறையில் நான் உட்கார்ந்திருந்தால் இதற்காகத்தான் சண்டை போட்டிருப்பேன். இந்த மறைப்பின் விளைவைத் தொடர் பிறகு வசூலித்தது உண்மை. லானா லெக்ஸ் பக்கம் சாய்கிறாள், ஆறாம் சீசனில் அவனை மணக்கிறாள், கிளார்க்கின் ரகசியத்தைத் தானாகவே கண்டுபிடிக்கிறாள். ஆனாலும் அவள் வாழ்க்கையின் முக்கியமான நாளில் என்ன நடந்தது என்று அவளுக்கே தெரியாமல் போனது எனக்கு இன்றும் நெருடுகிறது. பள்ளி வயதில் நீங்கள் அழுதது அந்த அழிக்கப்பட்ட நாளுக்கும் சேர்த்துத்தான் என்று எடுத்துக்கொள்ளலாம். அந்தப் பெண் உண்மையிலேயே இழந்தாள்.

பார்த்த சூழலும் முக்கியம். இந்த எபிசோட் வருவதற்கு இரண்டு நாட்களுக்கு முன்பு, 2006 ஜனவரி 24 அன்று, ‘தி டபிள்யூபி’ மூடப்பட்டு ‘யூபிஎன்’ என்ற இன்னொரு வலைவரிசையுடன் சேர்ந்து ‘தி சிடபிள்யூ’ ஆகப்போகிறது என்ற அறிவிப்பு வெளியானது. அன்று ஒளிபரப்பில் பார்த்தவர்களுக்குத் தங்கள் வலைவரிசையே போகிறது என்ற செய்தி பின்னணியில் இருந்தது. தொடர் தப்பிப் புதிய வலைவரிசைக்குப் போய், 2011 மே வரை பத்து சீசன்கள் ஓடியது. ஆனால் எபிசோட் முடிந்ததும் பனி விழுந்த கல்லறையில் கதை நின்றுவிட்டது. அடுத்தது என்னவென்று தெரிய ஒரு வாரம் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஒரு வாரம் துக்கத்துக்கானது, எழுத்தாளர்களுக்குச் செலவில்லாமல் கிடைத்த நேரம். இன்று பெயர்ப்பட்டியல் ஓடத் தொடங்கியதுமே அடுத்த எபிசோட் தானாகக் கிளம்பிவிடுகிறது. இப்போது மறுபடி பார்த்தபோது நீங்கள் ஒரே இரவில் மூன்று எபிசோடுகளைப் பார்த்தது உங்கள் கேள்வியிலிருந்து தெரிகிறது. அப்படிப் பார்த்தும் ஜோனத்தன் மனதில் நின்றார் என்றால், எழுத்து நன்றாகத்தான் இருக்கிறது.

ஆக, முதல் கேள்விக்கு நேரடி விடை: முன்பாதி அவசரமாக எழுதப்பட்டது, பின்பாதி நன்றாக எழுதப்பட்டது, இரண்டையும் சேர்த்த யோசனை இரண்டையும்விட நல்லது. கிரெக் பீமனின் இயக்கம் பின்பாதியில் அடங்கி நிற்பதும் உதவியிருக்கிறது. தொடரின் மிகச்சிறந்த எபிசோட் இதுதானா என்ற வம்புக்கு நான் வரவில்லை.

மகள் விஷயம். இதை மட்டும் தனியாகக் காட்ட வேண்டாம். ஜோனத்தனை முதன்முறையாக இங்கே சந்திக்கும் ஒருவருக்கு, யாரோ ஒரு விவசாயி யாரோ ஒரு பணக்காரரை அடித்துவிட்டுக் கீழே விழுந்தார் என்று மட்டும் தெரியும். முதல் எபிசோடிலிருந்து தொடங்குங்கள். அதில் லெக்ஸ் பரிசாக அனுப்பிய டிரக்கை ஜோனத்தன் திருப்பி அனுப்பச் சொல்வார். ‘எனக்கு இயல்பான வாழ்க்கை எங்கே இருக்கிறது’ என்ற கோபத்தில் கிளார்க், ஓடிக்கொண்டிருக்கும் மரம் அரைக்கும் இயந்திரத்துக்குள் கையை விடுவான். சட்டைக் கை மட்டும் கிழிந்து தொங்கும். அப்போது தந்தையின் முகத்தைக் கவனிக்கச் சொல்லுங்கள். அடுத்து மூன்றாம் சீசனின் முதல் இரண்டு எபிசோடுகள், பிறகு ‘ஹிடன்’, அதன் பிறகு ‘ரெக்கனிங்’. இடையில் விட்டுப்போன கதையை நீங்கள் வாயால் சொன்னாலே போதும். ஒரே நாளில் எல்லாவற்றையும் முடிக்க வேண்டாம். கடைசி எபிசோட் தொடங்கும் முன் தானியங்கித் தொடர்ச்சியை அணைத்துவையுங்கள். லானாவின் சாவில் மகள் அழுதால், பின்னால் என்ன வரப்போகிறது என்று முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள்.